முதலில் அறையை அளந்து பாருங்கள்: யாழ்ப்பாண வீட்டுக்கு எந்தக் கோல்ஃப் லோஞ்ச் மொனிற்றர்?

ரொறன்ரோவில் இருக்கிற அண்ணரோ லண்டனில் இருக்கிற மச்சானோ ஊருக்கு வரப் போகிறார், "என்ன வாங்கிவர?" என்று கேட்கிறார். பதில் சொல்ல முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஹோலுக்குள் போங்கள். திடலில் கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைச் சீனன்குடா போன்ற தூர இடத்துக்குப் போக வேண்டும். அதைவிட்டால் நுவரெலியா, கண்டிப் பக்கம் திகன, கொழும்பு. வீட்டுக்குள் வலை கட்டி அடித்து, பந்து எங்கே விழுந்திருக்கும் என்று ஒரு பெட்டியைக் கேட்பது அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தும். அந்தப் பெட்டிதான் லோஞ்ச் மொனிற்றர். பலர் விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு வைக்க இடமில்லாமல் மினக்கெடுகிறார்கள்.

இதில் றேடார், கமரா என்று இரண்டு வகை. றேடார் வகை பந்துக்குப் பின்னால் நிற்கும். கார்மின் ஆர்10 பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் இருக்க வேண்டும். பந்து வலையில் பட முன் குறைந்தது 8 அடி பறக்க வேண்டும். ஃபிளைட்ஸ்கோப் மீவோ பிளஸ்ஸுக்கும் பின்னால் 8, முன்னால் 8 என்றுதான் கணக்கு. ரப்சோடோ எம்எல்எம்2 புரோவும் பின்னால் நிற்பதே, றேடாரோடு கமராவும் சேர்ந்தது. ஆக, ஏறக்குறைய 16 அடி நீளம் இல்லாத அறைக்கு இவை மூன்றும் வேண்டாம். ஸ்கைட்ராக் பிளஸ், ஸ்குவெயார், ஃபோர்சைட் ஜிசி3 போன்றவை பந்துக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கும். பின்னால் மட்டை சுழல 5 அடி, முன்னால் 8 அடி, மொத்தம் 13 அடி போதும். பழைய வீட்டின் நீள விறாந்தை றேடாருக்குச் சரிவரும். புதிதாகக் கட்டிய கொங்கிறீற் பிளேட் வீட்டு அறைகளுக்குப் பெரும்பாலும் கமராதான்.

அகலம் 10 அடிக்குக் குறையக்கூடாது. உயரம் 9 அடி இருந்தால் சமாளிக்கலாம், 10 என்றால் நிம்மதி. டிரைவர் என்ற நீள மட்டை 45 அங்குலத்துக்கு மேல். அதைப் பிடித்து மட்டின் (செயற்கைப் புல் விரிப்பின்) மேல் நின்று மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால், மேலே தொங்கும் ஃபான் நிற்கலாமா கழற்ற வேண்டுமா என்று உடனே தெரியும். றேடார் வைத்தால் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். அசைகிற பொருளைத் தேடுவதுதான் றேடாரின் வேலை. சுழலும் இதழும் அதன் கண்ணுக்கு அசைகிற பொருளே. நின்று சுழலும் ஃபான் என்றால் கருவிக்குப் பின்னால் வையுங்கள். பழைய ரியூப் லைற்றும் ஆகாது: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வாயு செக்கனுக்கு 100 தடவை துடிக்கும், அந்தத் துடிப்பு றேடார் அலையைக் குழப்பும். எல்ஈடிக்கு மாற்றிவிடுங்கள்.

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பந்தின் சுழற்சியைப் பார்க்க வேண்டும். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரால் அடிக்கும் பந்து செக்கனுக்கு ஏறக்குறைய 60 மீற்றர் போகும் என்று வைப்போம். 8 அடி, அதாவது 2.44 மீற்றரைக் கடக்க அதற்கு 0.04 செக்கன். நிமிடத்துக்கு 2,700 தடவை சுழலும் பந்து அந்த நேரத்துக்குள் இரண்டு சுற்றுக்கூட முடிக்காது. திறந்த வெளியில் பந்து பறந்து போகும் பாதையைப் பின்தொடர்ந்து சுழற்சியை அறியும் றேடாருக்கு, அறைக்குள் கிடைப்பது இந்த இரண்டு சுற்றுக்கும் குறைவான பார்வைதான். அதனால்தான் ஆர்10 அறைக்குள் காட்டும் சுழற்சி பெரும்பாலும் வேகத்தையும் கோணத்தையும் வைத்துக் கணக்கிட்ட எண். பந்து வேகம், எழும் கோணம் இரண்டையும் நம்பலாம். வலப்பக்கம் வளைந்ததா, எவ்வளவு வளைந்தது என்பதை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். மீவோ பிளஸ்ஸுக்குப் பந்தில் சிறிய உலோக ஸ்ரிக்கர் ஒட்டினால் சுழற்சி நன்றாகத் தெரியும். எம்எல்எம்2 புரோவுக்கு விசேட குறி அச்சிட்ட பந்து வேண்டும். பெட்டிக்குள் மூன்று வரும், தொலைத்தால் ஊரில் எடுக்க முடியாது. கமரா வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. பந்து கிளம்பிய கணத்திலேயே அடுத்தடுத்துப் படம் எடுத்து, குறி எவ்வளவு திரும்பியது என்று பார்த்துவிடும்.

ஆனால் கமராவுக்கு வெயில் எதிரி. இவற்றில் பல தாமே அகச்சிவப்பு வெளிச்சம் அடித்துப் படம் பிடிப்பவை. சூரிய ஒளியிலும் அதே கதிர் நிறைய உண்டு. மேற்குப் பார்த்த யன்னலால் பின்னேர வெயில் மட்டில் விழுந்தால் பந்தைக் காணாமல் விழிக்கலாம். தடித்த திரைச்சீலை போடுங்கள். செம்மண் ஒட்டிய பந்திலும் குறி தெரியாது, பத்துத் தடவை அடித்ததும் ஈரத் துணியால் ஒரு துடை. கடற்கரைப் பக்க வீடென்றால் கண்ணாடியில் உப்புப் படலம் பிடிக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு மூடி இறுகும் டப்பாவில் வைத்துவிடுங்கள், மாரியில் கட்டாயம்.

வைக்கும் முறையில்தான் அதிகப் பிழை. மட் ஓர் அங்குலத் தடிப்பு, கமரா வெறும் சீமெந்துத் தரையில் என்றால், கருவி பந்தை ஓர் அங்குலம் உயரத்தில் காண்கிறது. கருவியையும் அதே உயரப் பலகையில் வைத்து ரசமட்டம் பிடியுங்கள். றேடார் என்றால் திசைதான் உயிர். ஒரு பாகை விலகினால் 200 மீற்றர் தூரத்தில் மூன்றரை மீற்றர் பக்கவாட்டுப் பிழை. மேசன்மார் பிடிக்கிற நூலை வலையின் நடுவிலிருந்து பந்து வழியாகக் கருவி வரை இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டில் தரையில் பெயின்றால் ஒரு குறி போட்டுவிடுங்கள். இடக்கையர் ஒருவரும் வலக்கையர் ஒருவரும் ஆடும் வீட்டில் பக்கத்தில் வைக்கும் கமராவை ஒவ்வொரு முறையும் மற்றப் பக்கம் தூக்கி வைக்க வேண்டும். பின்னால் நிற்கும் றேடாருக்கு அது இல்லை.

வலைக்கு வெளிநாட்டுக் காசு செலவழிக்கத் தேவையில்லை. குருநகர்ப் பக்கம் எடுக்கும் முறுக்கு நைலோன் மீன்வலை போதும். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றர், வலைக் கண் 25 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். ஒற்றை இழைத் தங்கூசி வலை வேண்டாம், சில நாளில் அறுந்துவிடும். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கு வரும், ஆகவே தொய்வாகத் தொங்கவிட்டு, ஓரடி பின்னால் பழைய கம்பளம் ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

இனி எதை வாங்குவது? 16 அடி விறாந்தை, போனில் பார்த்துப் பழகினால் போதும் என்றால் ஆர்10. 2021இல் 600 டொலருக்கு வந்தது, பற்றரி 10 மணித்தியாலம் வரை நிற்கும், கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. அதே இடத்தில் சுழற்சியும் அளந்தே வேண்டும் என்றால் 2023இல் 700 டொலருக்கு வந்த எம்எல்எம்2 புரோ. ஆனால் சிமுலேட்டர் (திரையில் தெரியும் கோல்ஃப் திடல்) ஆட ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். சின்ன அறைக்கு அதே 700 டொலருக்கு வந்த ஸ்குவெயார். ஆரம்பத்திலிருப்பவருக்கு எங்கள் தெரிவு அதுதான். 2023இல் 3,000 டொலருக்கு வந்த ஸ்கைட்ராக் பிளஸ் நல்ல பொருள், சந்தேகமில்லை. வலை, மட் இரண்டும் ஒழுங்காக இல்லாத அறைக்கு அந்தக் காசு வீண்.

மென்பொருள் வேறு செலவு. ஜிஎஸ்புரோ ஆண்டுக்கு 250 டொலர், விண்டோஸ் கணினியும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். கணினியும் புரொஜெக்டரும் சேர்ந்தால் கடையில் சாதாரணமாகத் தரும் 650 விஏ யூபிஎஸ் தாங்காது, 1,500 விஏ பாருங்கள். பல்பு வகைப் புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் உள்ளே ஆற்றும் விசிறியும் நின்று, சூட்டிலேயே பல்பின் ஆயுள் குறையும்.

கொண்டுவருபவரிடம் இரண்டு விடயம் சொல்லிவிடுங்கள். லிதியம் பற்றரி உள்ளதைக் கைப்பையில் கொண்டுவருவதே நல்லது, தனியாக இருக்கும் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. அங்கேயே பெட்டியை உடைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, இருபது பந்தாவது அடித்துப் பார்க்கட்டும், உத்தரவாதம் வாங்கிய நாட்டோடுதான். பொதியாக அனுப்புவதென்றால் இது ரேடியோ அலை விடும் சாதனம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியைச் சுங்கத்தில் கேட்கக்கூடும். பற்றுச்சீட்டையும் மாதிரி எண்ணையும் வைத்துக்கொண்டு, அனுப்ப முன்னரே விசாரித்துவிடுங்கள்.