கேஸ் நிறைய இருந்தும் குளிர்: மேதர் முகாமில் எங்கள் டிரெய்லரின் ஹீட்டர்

எங்கள் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய்த் தங்கும் வண்டி, ஹீட்டர் பழுதுபார்ப்பு முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பியது. அதே மாடல் வண்டியின் விலை இப்போது இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில், மேதர் முகாமில், குளிர்காலத்தில் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. நீளம், எடை, படுக்கை, தொட்டிகளின் கொள்ளளவு எல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தத் தாளில் இல்லாதது ஒன்றுதான்: கேஸில் எரியும் இந்த ஹீட்டர், மின்சாரம் குறைந்தால் எரியவே எரியாது.

முதலில் இடத்தைப் பற்றி. மேதரில் வண்டிக்கு மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு எதுவும் கிடையாது. முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், வண்டி நிறுத்தக் கொஞ்சம் தரை. தண்ணீர் பொதுக் குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டும். 30 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு இடமில்லை. எல்லா இணைப்புகளும் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாம் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் மேதருக்குத்தான் போகிறோம். பாண்டெரோசா பைன் மரங்களும் ஜூனிபர்களும் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே நிற்கின்றன. எல்க் மான்கள் மேசைக்கருகில் நிதானமாக மேய்கின்றன. அவற்றிடமிருந்து 100 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. அவையாக நெருங்கி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும். பள்ளத்தாக்கின் விளிம்புக்கு நடந்தே போய்விடலாம். கிராண்ட் கேன்யன் 2019-இல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாகச் சான்று பெற்றது. அமாவாசையை ஒட்டிப் போனால் அந்தச் சான்று எதற்கென்று அண்ணாந்து பார்த்த உடனே தெரியும். என் மகள் பால்வீதியை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

வண்டிக்கும் நியாயம் செய்ய வேண்டும். குளிர்சாதனப் பெட்டி கேஸில் ஓடுகிறது, பேட்டரியைச் சுரண்டுவதில்லை. அடுப்பு இதுவரை தொல்லை தந்ததில்லை. தண்ணீர்த் தொட்டியின் அருமையைச் சொல்லியே ஆக வேண்டும். தெற்கு விளிம்புக்கு வரும் தண்ணீர் முழுவதும் வடக்கு விளிம்புக்குக் கீழேயுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயில், பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து வருகிறது. 1960-களில் போடத் தொடங்கிய குழாய் அது. பாறை சரிந்தும் தேய்ந்தும் அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அப்படிப் பல இடங்களில் உடைந்தபோது, பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் இரவுத் தங்கலை நிறுத்திவிட்டார்கள். முகாம் மட்டும், வெளிக் குழாய்களில் தண்ணீர் இல்லாமல், திறந்திருந்தது. தொட்டி நிறையத் தண்ணீரோடு வருகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தன் தேவையைத் தானே சுமந்து செல்லும் வண்டி என்று இதைப் புகழ்வது பொய்யில்லை. ஹீட்டர் பேச்சு வரும்வரை பொய்யில்லை.

மேதர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் வசிக்கும் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் அக்டோபரில்கூட ஏ.சி. ஓடும், அதே வாரம் மேதரில் விடியற்காலைத் தண்ணீர் உறைந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஹீட்டர் அங்கே ஆடம்பரம் அன்று.

அது வேலை செய்யும் விதம் இதுதான். அறை குளிர்ந்ததும், வெப்பநிலையைக் கவனிக்கும் கருவியான தெர்மோஸ்டாட் முதலில் மின்விசிறியை ஓட விடுகிறது. விசிறியின் காற்று ஒரு சிறிய தகட்டைத் தள்ளுகிறது. தகடு முழுவதும் நகர்ந்தால்தான் ஒரு சுவிட்ச் மூடிக்கொள்ளும். அதன்பின்தான் கேஸ் திறந்து தீப்பொறி விழும். காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரியக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது, அவசியமானது, அதில் எனக்குக் குறையில்லை. குறை என்னவென்றால், எரிகிற நேரமெல்லாம் அந்த விசிறி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். எங்களுடையது சுமார் 7 ஆம்பியர் இழுக்கிறது. பத்து மணிநேர இரவில் பாதி நேரம் ஓடினாலே பேட்டரியின் சேமிப்பில் 35 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணிநேரத்தால் பெருக்கிய அளவு) போய்விடும். வண்டியோடு தந்த ஈய-அமில பேட்டரி 80 ஆம்பியர்-மணி; அது கெடாமல் இருக்க வேண்டுமானால் பாதியைத்தான் பயன்படுத்தலாம். குளிரில் அந்தப் பாதியும் சுருங்கிவிடும். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் கணக்கில் எதுவும் மிஞ்சுவதில்லை.

பேட்டரி தளர்ந்தபின் நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வோல்டேஜ் இறங்க இறங்க விசிறி மெதுவாகச் சுழல்கிறது. காற்று போதாமல் தகடு பாதியில் நிற்கிறது, சுவிட்ச் மூடவில்லை, கேஸ் திறக்கவில்லை. ஆனால் விசிறி நிற்பதில்லை. எஞ்சியிருக்கும் மின்சாரத்தையும் குடித்துக்கொண்டு குளிர்ந்த காற்றைக் குழந்தையின் படுக்கைமேல் ஊதுகிறது. அடுத்து கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, தனக்கும் மின்சாரம் போதவில்லை என்று கீச்சிட ஆரம்பிக்கிறது. வெளியே இரண்டு சிலிண்டர்களிலும் கேஸ் ததும்ப இருக்கிறது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்கக் கயிறில்லாத நிலைமை. எல்லாக் கம்பளிகளையும் எடுத்து மகளைப் போர்த்திவிட்டு, நானும் மனைவியும் விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவு உண்டு.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். முகாமில் அதற்குக் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம்தான். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி காக்க வேண்டும். பைன் லூப் என்ற பகுதியில் ஜெனரேட்டருக்கே அனுமதியில்லை. இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்த நிசப்தத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். சூரிய மின்பலகை? எந்த மரங்களுக்காகப் போகிறோமோ அவையே நிழலைப் போர்த்துகின்றன. குளிர்காலப் பகலும் குறுகியது. லித்தியம் பேட்டரி உண்மையாகவே நல்ல மாற்று, கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. எங்கள் வண்டியிலோ பேட்டரிப் பெட்டி வெளியே, காரோடு இணைக்கும் முன்கொக்கியின்மேல், பனியில் கிடக்கிறது. விசிறியில்லாத சிறிய கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துத் தூங்குவது ஆபத்து. ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் வகைகள், காற்று மெலிந்த அந்த உயரத்தில் காரணமின்றியும் அணைந்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் மின்சாரமே கேட்காத ஹீட்டர் புதுக் கண்டுபிடிப்பு அன்று. வெப்பக்காற்று தானாக மேலெழும் இயல்பை மட்டும் நம்பி ஓடிய, புகையை வெளியே தள்ளும் ஹீட்டர்கள் அரை நூற்றாண்டுக்கு முந்தைய டிரெய்லர்களில் இருந்தன. வெப்பம் சீராகப் பரவாது, இடத்தை அடைக்கும். ஆனால் பேட்டரி செத்தாலும் எரியும். இன்று தொலைக்காட்சிக்குத் தாங்கியும் வண்ண விளக்கும் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மலைமேல் ஓர் இரவைத் தாங்கும் பேட்டரி வைக்க மனமில்லை.

பழுதுபார்ப்புக்கு வருகிறேன். கடையில் அந்தத் தகட்டில் படிந்த தூசியைக் காட்டினார்கள். பாலைவனத்தில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் தூசி சேரத்தான் செய்யும். சுவிட்சை மாற்றிவிட்டார்கள். கட்டை விரல் அளவுப் பொருள். அதை அடைய ஹீட்டரையே வெளியே இழுக்க வேண்டியிருந்ததால் கூலிதான் அதிகம். ஓட்டிக் காட்டினார்கள், முதல் முயற்சியிலேயே எரிந்தது. ஆனால் வண்டியின் மின்கம்பி கடைச் சுவரில் செருகியிருந்தது. சுவர் மின்சாரத்தில் அது என்றைக்குத்தான் எரியாமல் இருந்தது? கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னபோது பதில் வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை இன்னும் குறைந்தாலும் வேண்டாம். மேற்கூரை ஒழுகவில்லை, அச்சு உறுதி, சாலையில் அலையாமல் வருகிறது, மே மாதத்தில் இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. நான் இதை விற்கப்போவதும் இல்லை. ஆனாலும் குளிர்காலத்தில் மேதருக்குப் போகும் குடும்பத்திடம் இதை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மீறி வாங்குவதென்றால், பணம் கட்டுமுன் வண்டியை ஓர் இரவு விற்பனையாளரின் வளாகத்திலேயே, சுவர் இணைப்பு இல்லாமல், ஹீட்டரை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பேட்டரியின் வோல்டேஜை நீங்களே அளந்து பாருங்கள்.