மடக்கு பொல்லர்வாகன்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஏரிக்கரைக்கோ காட்டுப்பாதைக்கோ போனால், பிள்ளைக்காரர்கள் இழுத்துக்கொண்டு போகும் ஒரு வண்டி கண்ணில் படாமல் இருக்காது. நாலு சக்கரம், மேலே பெட்டி, முன்னால் நீளக் கைப்பிடி. பொல்லர்வாகன் என்பார்கள். பழைய வகை மரத்தில் இருக்கும். இப்போது இரும்புச் சட்டத்தில் துணி மாட்டிய மடக்கு வகையையும் நிறையப் பார்க்கலாம். எங்களுடையது 100 யூரோவுக்குள் வாங்கிய சாதாரண மடக்கு வண்டி. சின்னவன் தள்ளுவண்டியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த காலத்தில் வாங்கினோம். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள்தான் எங்கள் சுற்று, அதிலும் பெரும்பாலும் ஷ்வேபிஷே ஆல்ப் மலைப்பக்கம்.

பிள்ளையை உட்காரவைத்து இழுக்கத்தான் இதை வாங்குகிறோம். ஆனால் காலையில் எந்தப் பிள்ளையும் அதில் உட்காராது. அப்போது அது சாமான் வண்டி: தயிர்சாதம், புளியோதரை, தண்ணீர், மாற்றுத்துணி, மழைக்கோட்டு, பாய். மதியம் சாப்பாடு வயிற்றுக்குள் போனதும் பெட்டியில் இடம் காலியாகும். அதே நேரத்தில்தான் "கால் வலிக்குதுப்பா" என்ற குரலும் கிளம்பும். கணக்கு எப்படியோ சரியாக வந்துவிடுகிறது.

சாப்பாட்டைச் சுமந்தே ஆகவேண்டிய ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். கிராமத்து உணவகம் திறந்திருந்தாலும் மதியத்துக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடும் இடங்கள் உண்டு. சைவம் என்றால் கேஸ்ஷ்பெட்சில் (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி), பொம்மெஸ் (உருளைக்கிழங்கு வறுவல்), சாலட், அத்தோடு சரி.

இந்த வண்டிக்கென்றே அமைந்த பாதை பாட் உராக் அருவிக்குப் போவது. மெட்சிங்கனில் ரயில் மாறி, அருவியின் பெயரையே வைத்திருக்கும் சின்ன நிறுத்தத்தில் இறங்கினால், ஓடையை ஒட்டி சுமார் 2 கிலோமீட்டர். அகலமான சரளைப் பாதை, பெரிய ஏற்றம் இல்லை. கடைசியில் 37 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் நேராக விழுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படிந்து படிந்து பாசி மூடிய பாறையாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாறை எப்படி வளரும் என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தாள். அருவியின் அடியோடு வண்டியின் வேலை முடிந்தது. அதற்கு மேல் படிக்கட்டு. நாங்கள் முறைவைத்து ஒருவர் கீழே வண்டியோடு இருப்போம், ஒருவர் பிள்ளைகளோடு மேலே ஏறுவோம்.

ஃபெடர்சே ஏரி இன்னொரு நல்ல இடம். பாட் புஹாவ் ஊரிலிருந்து நாணல் காட்டுக்கு நடுவே சுமார் 1.5 கிலோமீட்டர் மரப்பாலம் ஏரி வரைக்கும் போகிறது. பலகை மேல் சக்கரம் தடதடக்கும், அந்தச் சத்தத்துக்காகவே சின்னவன் ஏறி உட்கார்வான். பறவை பார்க்க வந்தவர்கள் திரும்பி முறைப்பார்கள், அதுவும் நியாயம்தான். பிளாவ்டோப்ஃப் நீலக்குளத்துக்கும் எடுத்துப் போயிருக்கிறோம். பிளாவ்பொய்ரன் ஊருக்குள் கல் பாவிய தெருவில் இழுத்ததில் கைதான் மரத்துப்போனது. பெரிய மழைக்கு மறுநாள் அங்கே போகாதீர்கள், தண்ணீர் கலங்கி நீலமே தெரியாது.

குறைகளில் முதல் இடம் பிரேக்குக்கு. எங்கள் மாடலில் அது கிடையாது. இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து வந்து குதிகாலில் இடிக்கும். அதனால் இறக்கம் வந்தால் வண்டியை முன்னால் விட்டு, கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி நடக்கிறேன். அடுத்தது சக்கரம். ஒல்லியான பிளாஸ்டிக் சக்கரம் தார்ச்சாலையில் பறக்கும், ஈரமான காட்டு மண்ணில் புதையும். வேர் குறுக்கே ஓடும் பாதையில் இழுக்கவே முடியாது, தூக்கத்தான் வேண்டும். மூன்றாவது துணி. மழையில் நனைந்த வண்டியை அப்படியே மடக்கி நிலவறையில் வைத்தால் கரும்புள்ளி விழுந்து வாடை பிடித்துவிடும். வீடு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் விரித்துக் காயவைத்துவிட வேண்டும்.

ரயிலில் ஏற்றுவது சுலபம்தான். நடுவில் இருக்கும் பட்டையைப் பிடித்து இழுத்தால் மடங்கிவிடும், இரண்டு இருக்கைக்கு நடுவில் செருகிவிடலாம். லிஃப்ட் ஓடாத ஸ்டேஷனில் படியேற்றும்போதுதான் அதன் எடை தெரியும். பயணச்சீட்டு விஷயத்தில் ஒன்று: டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு; 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025 ஜனவரியில் 58 ஆனது) அவரவருக்கு மட்டும்தான். 6 வயதுக்குக் கீழே இலவசம். அதற்கு மேல் பிள்ளைக்கும் சீட்டு வேண்டும். மாநில நாள் சீட்டில் அப்பா அம்மாவோடு வரும் பிள்ளைகளுக்குத் தனிக்காசு இல்லை, ஆனால் வாரநாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. வசந்தத்தில், விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை, ஆண்கள் கூட்டமாக இதே மாதிரி வண்டியில் பியர் பெட்டியை ஏற்றிக்கொண்டு காட்டுப்பக்கம் கிளம்புவார்கள். தந்தையர் தினமும் அன்றைக்குத்தான். எங்கள் வண்டியைப் பார்த்து, "பியர் எங்கே?" என்று கேட்காத ஆள் கிடையாது. பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் காட்டினால் சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

பிள்ளை வண்டியில்தானே வந்தான் என்று உண்ணிப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். புல்லில் உருண்டாலே போதும், உண்ணி ஏறிவிடும். இந்த மாநிலத்தில் உண்ணிக்கடியால் மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, உண்ணியால் வரும் இன்னொன்றான லைம் நோய்க்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

இப்போது சின்னவனுக்குக் கால் நீண்டுவிட்டது, உட்கார்ந்தால் முட்டி வெளியே துருத்துகிறது. வண்டி கரியும் தோசைக்கல்லும் சுமந்துகொண்டு பொது அடுப்பு இருக்கும் இடங்களுக்கு வருகிறது. வறண்ட கோடையில் காட்டுத்தீ பயத்தில் அந்த அடுப்புகளை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: அகலச் சக்கரமும் பிரேக்கும் இருக்கட்டும், கூரைத்துணி இல்லாவிட்டால் பரவாயில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பழையது மலிவாகக் கிடைக்கும். கைப்பிடிப் பூட்டு விழுகிறதா, நாலு சக்கரத்திலும் கழலாமல் பிடிக்கும் ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.