3ஜிக்குப் பின் அம்மாவின் கைப்பேசி: நோக்கியா 2660 ஃபிளிப்

பொத்தான் வைத்த கைப்பேசியையே விரும்பும் மூத்தோருக்கு, 3ஜி மூடப்பட்டுவிட்ட இன்றைய சிங்கப்பூரில் எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்லும் பெயர் நோக்கியா 2660 ஃபிளிப். எழுபதைத் தாண்டிய என் அம்மா ஓராண்டுக்கும் மேலாக இதைத்தான் வைத்திருக்கிறார். இதில் இல்லாத வசதிகள் பல உண்டு. ஆனால் நான்கு பேரை அழைக்கவும் நான்கு பேர் அழைத்தால் எடுக்கவும் மட்டுமே கைப்பேசி வைத்திருப்பவருக்கு, இதைவிட நிம்மதியான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகிய மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களும் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 3ஜி சேவையை, 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் விலக்கிக்கொள்ளத் தொடங்கின. அதற்கு முன்பே, 1994இல் அறிமுகமான 2ஜி 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டிருந்தது. கைப்பேசிச் சேவைகள் இயங்கும் அலைக்கற்றை வரம்புக்குட்பட்ட பொதுச் சொத்து என்பதாலும், 3ஜி இயங்கிவந்த 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5ஜியை இயக்கினால் அதே அகலத்தில் பன்மடங்கு தரவை அனுப்பலாம் என்பதாலும், இந்த முடிவில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. என் கவலையெல்லாம், “4ஜி கைப்பேசி வைத்திருந்தால் போதும்” என்று பலரும் சுருக்கமாகப் புரிந்துகொண்டதைப் பற்றியது.

அது போதாது. 4ஜி கட்டமைப்பு தரவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. குரல் அழைப்புக்கென்று ஒரு தடத்தைத் தனியே ஒதுக்கித் தரும் பழைய ஏற்பாடு அதில் கிடையாது. எனவே தொடக்கக்கால 4ஜி கைப்பேசிகள் இணையத்துக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்தின. அழைப்பு வந்ததும் பயனீட்டாளருக்குத் தெரியாமலேயே 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கின. பேச்சு முடிந்ததும் மீண்டும் 4ஜிக்குத் திரும்பின. 2013இல் வெளிவந்த ஐஃபோன் 5எஸ் அப்படிப்பட்டதுதான். குரலையும் தரவாகவே மாற்றி 4ஜி வழியாகக் கொண்டுசெல்லும் வோல்ட்டி (VoLTE) வசதி, அதற்கு மறு ஆண்டு வந்த ஐஃபோன் 6இலிருந்துதான் அந்த வரிசையில் கிடைத்தது. இறங்குவதற்கு 3ஜியும் 2ஜியும் இல்லாத ஊரில், வோல்ட்டி இல்லாத 4ஜி கைப்பேசியில் காணொளி தங்குதடையின்றி ஓடும், ஆனால் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐக்கூட அழைக்க முடியாது. தனியாக இருக்கும் ஒரு முதியவர், ஆபத்து நேரத்தில்தான் இதை முதன்முதலாகத் தெரிந்துகொள்வார் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை.

3ஜி மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு கடை பார்க்கப் போனபோது, முதலில் ஏறிய கடையில் பழைய 4ஜி கைப்பேசி ஒன்றைக் காட்டி, “4ஜி என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன சந்தேகம்?” என்று கேட்டார்கள். வோல்ட்டி உண்டா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் இருக்கும் இன்னொரு சிறிய கடைக்காரரோ, நாங்கள் கேட்பதற்கு முன்பே அம்மாவின் சிம் அட்டையைக் கழற்றி இந்த நோக்கியாவில் போட்டு, “அம்மா, நீங்களே மகனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்க” என்று கையில் கொடுத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைச் சுட்டிக்காட்டி, 4ஜி என்ற குறி மாறாமல் அப்படியே நிற்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். அழைப்பின்போது அது 3ஜிக்கு மாறியிருந்தால், அந்தக் கைப்பேசியில் வோல்ட்டி இயங்கவில்லை என்று பொருள். விற்பனை ஏட்டில் அச்சடித்திருப்பதை நம்பச் சொல்லாமல், கண்ணெதிரே சோதித்துக் காட்டிய அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். விலை நூறு வெள்ளியை ஒட்டி வந்தது.

நோக்கியா பெயரில் கைப்பேசிகளை விற்கும் எச்எம்டி குளோபல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட மடக்குக் கைப்பேசி இது. திறந்தால் அழைப்பை ஏற்பதும் மூடினால் துண்டிப்பதும் பழகத் தேவையே இல்லாத செயல்கள். பொத்தான்கள் அகலமானவை, எண்கள் பெரியவை. மூடியிருக்கும்போது வெளிப்புறத்தில் உள்ள 1.77 அங்குலத் திரையில் மணியும் அழைப்பவர் பெயரும் தெரிவதால், மோசடி அழைப்புகளுக்கு அஞ்சும் அம்மா பெயர் தெரிந்தால் மட்டுமே திறக்கிறார். உள்ளே 2.8 அங்குலத் திரை. 1450 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தைக் கழற்றி மாற்றலாம். அவசரப் பொத்தான் ஒன்றும் உண்டு; அதில் என் எண்ணையும் தம்பியின் எண்ணையும் பதிந்து வைத்திருக்கிறேன். செவித்துணைக் கருவியோடும் இது ஒத்து இயங்கும்.

எல்லாவற்றையும்விட நான் மகிழ்ந்தது குரலின் தெளிவைக் கண்டுதான். பழைய முறைக் குரல் அழைப்பில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே செல்லும். இரு முனையிலும் வோல்ட்டி இருந்தால், 7,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் போய்ச் சேர்கின்றன. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளைத்தான்; ‘ச’, ‘ஷ’ போன்றவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அவையே. பலதுறை மருந்தகத்துக்குச் சனிக்கிழமை போக வேண்டும் என்று நான் சொன்னால், முன்பெல்லாம் கிழமையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார். இப்போது ஒரே முறையில் பிடித்துக்கொள்கிறார். எண்ணை அழுத்திய பின் மறுமுனையில் மணி அடிக்கப் பிடிக்கும் நேரமும் குறைந்திருக்கிறது. இதிலுள்ள பண்பலை வானொலியில் ஒலி 96.8 கேட்கத் தரவுச் செலவு இல்லை என்பதை, அம்மாவின் பிற்பகல்களை அறிந்தவன் என்ற முறையில் தனியே குறிப்பிட விரும்புகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். இதில் வாட்ஸ்அப் இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் சித்தியோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு, வார இறுதியில் நான் என் திறன்பேசியை எடுத்துக்கொண்டு போகும் வரை அம்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது சிறிய குறையன்று. அரசாங்கச் சேவைகளுக்கு இணையம்வழி நுழைய உதவும் சிங்பாஸ் செயலியையும் இதில் நிறுவ முடியாது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். அரசாங்கம் குடும்பங்களுக்கு வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளைச் சமூக மன்றத்தில் தாளில் அச்சிட்டுப் பெற்றுக்கொள்ள வழி இருப்பது பெரிய உதவி. ஆனால் வங்கிகள் குறுஞ்செய்திக் கடவுச்சொல்லை விட்டு வங்கிச் செயலியில் இயங்கும் மின்னிலக்க அடையாள வில்லைக்கு நகர்ந்துகொண்டிருப்பதால், தம் பணக் கணக்கைத் தாமே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் மூத்தோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு எளிய திறன்பேசியே ஏற்றது.

ஜோகூர் சென்றாலும் இக்கைப்பேசி கைவிடாது. மலேசியா 2021 இறுதியோடு 3ஜியை மூடிவிட்டாலும் அங்கே 2ஜி இன்னும் இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் 2ஜி இயங்குகிறது. ஆனால் அந்த 2ஜிதான் நம்மவர்களுக்கு ஒரு தவறான நம்பிக்கையையும் தருகிறது. சென்னையில் நன்றாகப் பேச முடிந்த பழைய கைப்பேசியைப் பாட்டிக்குக் கொண்டுவந்து கொடுப்பவர்கள், அது அங்கே 2ஜியில் பேசியதா வோல்ட்டியில் பேசியதா என்று பார்ப்பதில்லை. வோல்ட்டியிலேயே பேசியிருந்தாலும், அந்தந்த நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குரிய அமைப்பு கைப்பேசியின் மென்பொருளில் இருந்தால்தான் அவ்வசதி அந்நிறுவனத்தின் கட்டமைப்பில் செயல்படும். இந்தியாவில் ஜியோவோடு வோல்ட்டியில் பேசிய கருவி, இங்கே உள்ள சிம் அட்டையோடு மௌனமாகிவிடலாம். வோல்ட்டி இல்லாத கைப்பேசிகளை இங்கே விற்க 2024 பிப்ரவரி 1 முதல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தடை விதித்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் உறவினரின் பயணப்பெட்டியில் வரும் கைப்பேசியை அந்த விதி எட்டாது. ஊரிலிருந்து வந்த கைப்பேசியோ கைமாறி வந்ததோ, எதுவாயினும் உள்ளூர் சிம் அட்டையைப் போட்டு, வைஃபையை அணைத்து, ஒரு முறை வெளியே அழைத்தும் ஒரு முறை அழைப்பை ஏற்றும் பார்த்த பிறகே பெரியவர்கள் கையில் கொடுங்கள்.