தோட்டத்து நீச்சல்குளம்: கோடைக்கு முன் இறைத்து ஊற்றுவதா, தெளிய வைப்பதா? மாத்திரையா, கேனா?

பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் மீனாட்சிபுரம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்புக்குள் வீடு கட்டி, ஓரத்தில் சின்னதாக நீச்சல்குளமும் போட்டிருப்பவர்களுக்கு மாசி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். குளம் பச்சை பிடித்திருக்கும். கிழக்குக் காற்றில் வந்த புழுதியும் குரும்பையும் பாளைச் சருகும் அடியில் மக்கிக் கிடக்கும். பராமரிப்புக்கு வருபவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இறைச்சுப்போட்டுப் புதுசா உட்றலாமுங்க" என்பார். அவருக்கு அது ஒரு நாள் வேலை. தெளிய வைப்பதென்றால் நாலைந்து தடவை வர வேண்டும்.

நான் பழைய தண்ணீரின் கட்சி. நம் போர் தண்ணீர் கடினமானது. வாளி, குழாய், கீசர் எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவம் விடுவது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சிவிட்டோம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே 2017 கணக்கெடுப்பில் வகைப்படுத்தியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குளத்துக்குள் பெய்த மழைதான் அந்தக் குளத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக மென்மையான தண்ணீர். அதை வாய்க்காலில் விட்டுவிட்டு உப்புத் தண்ணீரை ஏற்றுவதில் என்ன லாபம்? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் கிட்டத்தட்ட 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு நடை. நிரப்பின பிறகும் நிற்காது: கணவாய்க் காற்றில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானாலே 220 லிட்டர் போய்விடும். ஆவி மட்டும்தான் போகிறது, உப்பெல்லாம் குளத்திலேயே தங்கிவிடுகிறது.

தெளிய வைக்கும் வேலை இப்படித்தான்: சருகை வலையால் அள்ளி, சுவரைத் தேய்த்து, பிஎச் (அமில-காரத் தன்மை) அளவை 7.2க்கு இறக்கி, சாயங்காலம் குளோரினை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வரை ஏற்றி, மோட்டாரை இரவெல்லாம் ஓட விட வேண்டும். பாசி செத்துத் தண்ணீர் சாம்பல் நிறமானதும் படிகாரம் கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, அடியில் படிந்ததை வெளிக்குழாய் வழியாக உறிஞ்சித் தள்ளலாம். அதை மணல் ஃபில்டர் வழியாக விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பானால் அது பாசி அல்ல, போர் தண்ணீரின் இரும்பு. அதற்கு இன்னும் குளோரின் கொட்டிப் பிரயோசனமில்லை.

இறைத்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. குளோரின் மாத்திரையோடு சேர்ந்து வரும் சயனூரிக் அமிலம் 100 பிபிஎம்மைத் தாண்டிவிட்டால் மருந்தால் சரியாகாது. பாதித் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் முழுக்க வடித்து வெயிலில் காய விடாதீர்கள், டைல்ஸ் பெயரும். பக்கத்து வயலில் தண்ணீர் கட்டியிருந்தால் காலிக் குளத்தை, அதுவும் ஃபைபர் குளத்தை, அடியிலிருந்து நிலத்தடி நீர் தூக்கிவிடும்.

அடுத்தது மருந்து. உண்மையான போட்டி இங்கேதான்.

பிளீச்சிங் பவுடர் மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், பஞ்சாயத்துக் கிணற்றுக்குப் போடுவதும் அதுதான். ஆனால் சாதாரண பவுடரில் குளோரின் 30 சதவீதச் சுற்றில்தான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் அதையே போட்டால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். கிணற்றோடு நிற்கட்டும்.

டிசிசிஏ (TCCA) 90 என்று விற்கும் குளோரின் மாத்திரையில் 90 சதவீதம் குளோரின். மெதுவாகக் கரையும், வாரக் கடைசியில் மட்டும் வருபவர்களுக்குச் சௌகரியம். அமிலத் தன்மை உள்ளதால், ஏறிக்கொண்டே போகும் நம் போர் தண்ணீரின் பிஎச்சைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். சிக்கல் சயனூரிக் அமிலம்தான். ஒரு பிபிஎம் குளோரினுக்கு 0.6 பிபிஎம் அளவுக்கு அது தண்ணீரில் சேர்கிறது. 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலில் குளோரின் பறக்காமல் காக்கும். மேலே போகப் போகக் குளோரினின் கையையே கட்டிவிடும். நாளுக்கு 2 பிபிஎம் வீதம் மார்ச் முதல் மே வரை மாத்திரையே போட்டால் கணக்குக்கு 100ஐத் தாண்டுகிறது. தண்ணீர் கண்ணாடியாகத் தெரிந்தும் திடீரென்று பாசி பிடிப்பது பல குளங்களில் இதனால்தான்.

கேனில் வரும் திரவ ஹைப்போகுளோரைட் கால்சியமும் சேர்க்காது, சயனூரிக்கும் சேர்க்காது. அதனால் கோடை முழுக்க ஓட்ட நான் சொல்வது இதைத்தான். நாளுக்கு 2 பிபிஎம்முக்கு 10 சதவீதத் திரவம் 900 மில்லி. பொழுது சாய்ந்து ஊற்ற வேண்டும். ஏப்ரல் சூட்டில் கேனுக்குள்ளேயே வீரியம் இறங்கும் என்பதால் மொத்தமாக வாங்கி அடுக்க முடியாது. தினமும் ஊற்ற ஆளும் வேண்டும்.

உப்பு முறை பார்க்க நாகரிகம். இந்தக் குளத்துக்கு 150 கிலோ உப்பு போட்டால் கருவியே குளோரின் தயாரித்துக்கொள்ளும். நம் தண்ணீரில் அதன் தகடுகளில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி அமிலத்தில் கழுவ வேண்டியிருக்கும். ஃபில்டர் கழுவிய தண்ணீரைத் தென்னை தாங்கும், ஊடுபயிரான ஜாதிக்காயும் கோகோவும் தாங்குமா? வாய்க்கால் தண்ணீர் தாராளமாக உள்ளவர்கள் யோசிக்கட்டும்.

ஆகவே என் கணக்கு: முதல் 25 நாள் மாத்திரை, மொத்தம் இரண்டரை கிலோ, அதிலேயே சயனூரிக் 30க்கு வந்துவிடும். பிறகு கேன். போன வருஷ மிச்சம் தண்ணீரில் இருக்கும் என்பதால் முதலில் சோதித்துவிட்டு மாத்திரையைக் குறையுங்கள்.

2024லும் 2025லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களை எடுத்தது. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியாக ஏறுவது. தண்ணீரின் தெளிவைப் பார்த்துக் குழந்தைகளை இறக்காதீர்கள்; குளோரின் 2 முதல் 3 பிபிஎம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுச் சோதிக்கும் கிட்டில் பார்த்துவிட்டு இறக்குங்கள். பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் டிசிசிஏ டப்பா பக்கத்தில் வைக்க வேண்டாம், ஒரே கரண்டியில் இரண்டையும் அள்ளவும் வேண்டாம். இரண்டும் கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.