லித்தியம் பல வருஷத்துக்கு: பயம் கிட்னியைப் பற்றி, தொல்லை தாகத்தில்

“லித்தியம் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். பத்து வருஷம் போட்டால் கிட்னி போய்விடுமாமே?” நண்பர் ஒருவரின் இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. மனம் மேனியா என்ற அளவுமீறிய வேகத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. அதற்கு மேல் மனசு பக்கம் போகாமல், உடம்பு சமாச்சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

திட்டுவதற்கு முன் மருந்துக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். மெல்போர்னில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் இதை மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் கட்டுரை வெளியிட்டார். அன்றிலிருந்து இதைப் பிழிந்து பிழிந்து ஆராய்ந்துவிட்டார்கள். எந்த உறுப்பில் கை வைக்கும், எந்த டெஸ்டில் முதலில் தெரியும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடிய மனநல மருந்துகள் அதிகம் இல்லை. தற்கொலையைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டிய மிகச் சில மருந்துகளில் இதுவும் ஒன்று. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. சொல்லப்போனால் மாத்திரையை விட ரத்தப் பரிசோதனைக்குத்தான் காசு போகிறது.

ஆனால் இந்தத் தாகம்!

“தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தால் ஒண்ணுக்கு வராமல் என்ன செய்யும்?” என்று எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். விஷயம் தலைகீழ். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில், போகிற தண்ணீரை உடம்புக்குள் திருப்பி இழுக்க அக்வாபோரின் என்ற வாசல்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் ஹார்மோன் சொன்னால் அவை வேலை செய்யும். லித்தியம், சோடியம் நுழையும் வழியாகவே அந்தச் செல்களுக்குள் புகுந்து, ஹார்மோன் சொல்வது காதில் விழாதபடி செய்துவிடுகிறது. தண்ணீர் முதலில் வெளியே போகிறது, தாகம் அதற்குப் பிறகு வருகிறது. ஆரம்ப காலத்தில் மருந்தை நிறுத்தினால் இது சரியாகிவிடும். பல வருஷம் ஓடிய பிறகு நிறுத்தினாலும் சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.

எவ்வளவு போகிறது என்று ஒருமுறையாவது அளந்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் போவது எல்லாம் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்துவிட்டு மூட வேண்டும். 3 லிட்டரைத் தாண்டினால் மருத்துவரிடம் பேசவேண்டிய விஷயம். அவர் கேட்காவிட்டாலும் சர்க்கரையும் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள். அவை இரண்டும் ஏறினாலும் இதே தாகம் வரும், பழி மட்டும் லித்தியத்தின் மேல் விழும்.

இதற்கு மக்கள் தாங்களாகவே செய்யும் வைத்தியம் இரண்டு, இரண்டும் தப்பு. ஒன்று, ராத்திரி எழுந்திருக்க வேண்டாமென்று தண்ணீரைக் குறைப்பது. உடம்பு வற்றினால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். மற்றது, தாகத்துக்குக் கூல்டிரிங்க்ஸ், சர்பத், நாலைந்து தடவை சர்க்கரை போட்ட டீ. லித்தியம் போட்டு எடை ஏறியது என்பதில் ஒரு பங்கு இந்தக் கணக்கில்தான் வருகிறது. வெறும் தண்ணீர் போதும்.

மருத்துவர் செய்யக்கூடியவை வேறு. காலை, இரவு என்று பிரித்துப் போடுவதை இரவு ஒரே வேளையாக மாற்றினால் பலருக்குச் சிறுநீர் குறைகிறது. அப்படி மாற்றியபின் மொத்த அளவு அதேதான் என்றாலும் ரத்தத்தில் லித்தியத்தின் லெவல் கொஞ்சம் கூடித் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. லெவலை 0.6 (லிட்டருக்கு மில்லிமோல்) பக்கமாக இறக்கி வைத்தே சமாளிக்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். அமிலோரைடு என்ற மாத்திரை லித்தியம் செல்லுக்குள் நுழையும் அந்த வழியையே அடைக்கிறது. ஆனால் வேறு நீர் மாத்திரை கலந்த கூட்டு மாத்திரையை அதற்குப் பதிலாக வாங்கிவிடக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

அறுவை சிகிச்சை என்றால் இந்தத் தாகம் எரிச்சல் என்ற நிலையிலிருந்து ஆபத்து என்ற நிலைக்குப் போய்விடும். “ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணி கூடக் கூடாது” என்பார்கள். மற்றவர்கள் தாங்குவார்கள். லித்தியத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாதவருக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், சோடியம் ஏறும். சாதாரண சலைன் ஏற்றினால் சோடியம் இன்னும் கூடலாம். பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி, ஹெர்னியாவாக இருந்தாலும் சரி, மயக்க மருத்துவரிடம் “லித்தியம் போடுகிறேன், தினமும் இத்தனை லிட்டர் சிறுநீர் போகிறது” என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

நண்பர் கேட்ட கிட்னிக்கு வருகிறேன். பத்து, இருபது வருஷத்தில் சிலருக்கு வடிகட்டும் திறன் மெல்ல இறங்குவது உண்மை. டயாலிசிஸ் வரை போவது மிகச் சிறு பங்கினர்தான். லெவலை அதிகமாக வைத்திருப்பதும், நடுவில் லித்தியம் விஷமாகும் அளவுக்கு ஏறிப்போவதும் சேதத்தைக் கூட்டும். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று லேப் தாளில் அச்சடித்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 65 வயதுப் பெண்ணுக்கு 1.1 என்று வந்தால் பல தாள்களில் நார்மலாகத்தான் இருக்கும், ஆனால் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் கணக்குப் போட்டால் 55 பக்கத்தில் நிற்கும். ஒரு தாளைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. பழைய தாள்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, வருஷா வருஷம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

தைராய்டு சுலபம். லித்தியம் தைராய்டு சுரப்பியில் தங்கி, ஹார்மோன் வெளியே வருவதைத் தடுக்கிறது. பெண்களுக்கு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு டிஎஸ்எச், அதாவது தைராய்டு ரத்தப் பரிசோதனை. கூடினால் தைராக்ஸின் மாத்திரை, லித்தியத்தை நிறுத்தத் தேவையில்லை. சோர்வும் மந்தமும் வந்தால் மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று மாத்திரை கூட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். கால்சியத்தைத்தான் பலரும் எழுதித் தர மறக்கிறார்கள். தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் முடுக்கிவிடப்பட்டுக் கால்சியம் ஏறினால் மலச்சிக்கல், கிட்னிக் கல், எலும்புத் தேய்வு என்று வேறு வேறு டாக்டரிடம் அலையவேண்டி வரும்.

ரத்த லெவல் எடுப்பதில் நடக்கும் கூத்து தனி. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9 என்றால் காலை 9, காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு. வெறும் வயிறு தேவையில்லை. அளவை மாற்றினால் 5 முதல் 7 நாள் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். பச்சை மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். பல இடங்களில் அதற்குள் இருப்பது லித்தியம் ஹெப்பாரின், இல்லாத லித்தியத்தைக் கூட்டிக் காட்டும். வழக்கமாக 0.7 வருபவருக்குத் திடீரென்று 2-க்கு மேல் வந்து, ஆள் தெளிவாக நடமாடிக்கொண்டிருந்தால் முதலில் கேட்கவேண்டியது குழாயின் நிறத்தை. அதே 2 லெவல், கை பெரிதாக உதறி, நாக்கு குழறி, தள்ளாடி, வாந்தி பேதியோடு வந்தால் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். சிலருக்கு அந்தத் தள்ளாட்டம் நிரந்தரமாகிவிடும். சாதாரணமாக வரும் மெல்லிய விரல் நடுக்கம் இதில் சேர்த்தி இல்லை. டீ டம்ளர் தளும்பும், அவ்வளவுதான்.

லெவல் ஏறுவது பெரும்பாலும் மாத்திரையைக் கூடப் போட்டதால் இல்லை, மருந்துக் கடையால். முட்டிவலிக்கு என்று கேட்டால் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் லித்தியத்தை உடம்பில் தேக்கும். பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைதான் இங்கே சகஜம், அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. பிரஷர் மாத்திரையில் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் எல்லாம் லெவலை ஏற்றக்கூடியவை. பெயருக்குப் பின்னால் ‘எச்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உள்ளே தையசைடு நீர் மாத்திரையும் இருக்கும், அது இன்னும் மோசம். மனநல மருத்துவருக்குத் தெரியாமல் இதில் எதையும் தொடங்கக்கூடாது, நிறுத்தவும் கூடாது.

“பிரஷர் இருக்கிறது, உப்பை விடு” என்ற அறிவுரை வேறு. சிறுநீரகத்துக்குச் சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. உப்புக் குறைந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஜான் கேட் கட்டுரை வெளியிட்ட அதே 1949-ல் அமெரிக்காவில், இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றுச் சாவுகள் நடந்தன. உப்பே சாப்பிடாதவர்களிடம் போய் லித்தியத்தைக் கொடுத்தால் வேறு என்ன ஆகும்? அதனால் உப்பு தினமும் ஒரே சீராக இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் வேலை, தண்ணீர் குடிக்காத விரதம், இரண்டு நாள் பேதி, இவை மூன்றும் லெவலை ஏற்றும். வாந்தி பேதி என்றால் உப்புக்கரைசல் குடித்துக்கொண்டே இருங்கள், அன்றைய மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். தினமும் நாலு காபி குடிப்பவர் சட்டென்று விட்டாலும் லெவல் ஏறும், இது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் மேனியா பழையதை விட வேகமாகத் திரும்பி வரலாம். நிறுத்துவதென்றால் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் இறக்கவேண்டும்.

நானும் லித்தியம் போடுபவன்தான். இதற்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால், பகலில் கேளுங்கள், நாலரை கொடுப்பேன். ராத்திரி மூன்றாவது தடவையாகப் பாத்ரூம் லைட்டைப் போடும்போது கேட்டால் ஒன்று. இதை எழுதுவது ராத்திரியில்தான். ஆகவே ஒன்று. நாளைக்கு ஸ்ட்ரிப் தீர்கிறது, இன்னும் ஒரு மாதத்துக்கு வாங்கவேண்டும்.