விண்ணோடத்தை வைத்து நடத்தும் பாடம்: எம்.ஐ.டி.யின் இலவச அமைப்புப் பொறியியல் வகுப்புகள் பற்றி

இளநிலைப் பொறியியல் மாணவர்களுக்கு அமைப்புப் பொறியியலை (சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்) கற்பிப்பதில் உள்ள பெரிய சங்கடம், அந்தப் பாடம் பேசுகிற துன்பங்கள் எதையும் அவர்கள் இன்னும் பட்டிருக்கவில்லை என்பதுதான். உத்தரம் சுமையில் வளைவதை ஆய்வகத்தில் காட்டிவிடலாம், டிரான்சிஸ்டர் சூடாவதைத் தொட்டே உணர வைக்கலாம். ஆனால் நான்கு குழுக்கள் தத்தம் வேலையைப் பிழையில்லாமல் செய்து முடித்த பிறகும் அவற்றைச் சேர்த்துக் கட்டிய பொருள் வேலை செய்யாமல் போவதை எந்த ஆய்வகத்தில் காட்டுவது? பாடநூல்கள் இதற்கு வி வடிவப் படம் ஒன்றைப் போட்டு, தேவைகள், வடிவமைப்பு, ஒருங்கிணைப்பு, சரிபார்ப்பு என்று பெட்டிகளை அடுக்கிவிடுகின்றன. மாணவர்களும் அந்தப் படத்தை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டத் தேடியபோது கிடைத்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் 16.885 என்ற எண் கொண்ட பாடம். (எம்.ஐ.டி. என்றதும் சென்னைக் குரோம்பேட்டைக் கல்லூரியை நினைத்துக்கொள்ளும் நம்மூர் வாசகர்களுக்காகவே முழுப் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது.) ‘விமான அமைப்புகளின் பொறியியல்’ என்பது பாடத்தின் பெயர் என்றாலும், 2005ஆம் ஆண்டு இலையுதிர்காலப் பருவத்தில் நடந்த வகுப்புகள் முழுவதும் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) என்ற ஒரே பொருளைப் பற்றியவை. நடத்தியவர்கள் இருவர். ஆரன் கோஹன் 1972 முதல் 1982 வரை விண்ணோடக் கலத்தின் திட்ட மேலாளராக இருந்து, பின்னர் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநரானவர். ஜெஃப்ரி ஹாஃப்மன் அதே விண்ணோடங்களில் ஐந்து முறை பறந்தவர். 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைச் சரிசெய்யப் போன குழுவில் விண்வெளியில் இறங்கி வேலை பார்த்தவர். கட்டியவரும் பயன்படுத்தியவரும் ஒரே மேசையில் அமர்ந்து பாடம் நடத்துவது நம் கல்லூரிகளில் மட்டுமல்ல, எங்குமே அரிது.

அவர்கள் தாங்களே எல்லாவற்றையும் பேசவில்லை என்பதுதான் இந்தப் பாடத்தின் பலம். கலத்தின் உடற்கட்டமைப்பைப் பற்றி டாம் மோசர், முதன்மை இயந்திரங்களைப் பற்றி ஜே.ஆர். தாம்ப்சன், துணை உந்துகருவிகளைப் பற்றி ஹென்றி போல், விண்கலக் கட்டுப்பாட்டறையைப் பற்றி வெய்ன் ஹேல் என்று, அந்தந்த வேலையைச் செய்தவரே வந்து சொல்கிறார்கள். ஆகவே எது முடிவு செய்யப்பட்டது என்பதோடு நிற்காமல், அந்த நேரத்தில் வேறு என்னென்ன வழிகள் மேசைமேல் இருந்தன, அவை ஏன் தள்ளப்பட்டன என்பதும் தெரியவருகிறது. பாடநூலில் ஒருபோதும் கிடைக்காத பகுதி இதுதான்.

நான் வகுப்பில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது, கலத்தை வெப்பத்திலிருந்து காக்கும் ஓடுகளின் கதையை. அதை ஒரே பதிவில் பார்க்க முடியாது. விண்ணோடத்தின் தோற்றம், அதைக் கட்டுவதென எடுத்த முடிவு, காற்றியக்கம், கட்டமைப்பு ஆகியவை பற்றிய வகுப்புகளில் சிதறிக் கிடப்பதை ஆசிரியர்தான் கோத்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்க விமானப்படை, துருவச் சுற்றுப்பாதையில் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட தளத்துக்கே திரும்பக்கூடிய கலம் வேண்டும் என்று கேட்டது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பூமி சுழன்று தளம் கிழக்கே நகர்ந்துவிடும். அதனால் கலம் இறங்கும்போது பக்கவாட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர் சறுக்கி வர வேண்டும். குட்டையான நேர் இறக்கைகளால் அது முடியாது என்பதால் முக்கோண இறக்கை வந்தது. அந்தச் சறுக்கல் வளிமண்டலத்தில் நீண்ட நேரம் நீடிப்பதால் கலம் தாங்க வேண்டிய மொத்த வெப்பம் கூடியது. உடற்கூடோ அலுமினியம், அது ஏறக்குறைய 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே சிலிக்கா இழையால் ஆன, எடையே இல்லாதது போன்ற ஓடுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. முதலில் பறந்த விண்ணோடமான கொலம்பியாவில் மட்டும் சுமார் 30,000.

இதற்குப் பிறகுதான் கதை இளநிலை மாணவருக்கு உறைக்கும் இடத்துக்கு வருகிறது. அலுமினியம் சூட்டில் விரியும். ஓடு விரியாது, வளைந்தால் உடையும். எனவே இரண்டுக்கும் நடுவில் கம்பளி போன்ற ஒரு மெத்தையை வைத்து ஒட்டினார்கள். ஓட்டைத் தனியாகச் சோதித்தால் போதுமான வலிமை இருந்தது, மெத்தைக்கும் இருந்தது, பசைக்கும் இருந்தது. சேர்த்து ஒட்டிச் சோதித்தபோது வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. மெத்தையின் இழைகள் ஓட்டின் அடிப்பரப்பைச் சில புள்ளிகளில் மட்டும் பிடித்து இழுத்ததுதான் காரணம். ஓடுகளின் அடிப்பக்கத்தில் சிலிக்கா கரைசலைப் பூசிக் கெட்டிப்படுத்தி அதைத் தீர்த்தார்கள். ஆனால் அதற்காக, ஏற்கெனவே ஒட்டிய ஓடுகளைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. 1979 மார்ச்சில் ஃபுளோரிடா போய்ச் சேர்ந்த கொலம்பியா 1981 ஏப்ரல் 12 அன்றுதான் பறக்க முடிந்ததற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. இவ்வளவுக்கும் மூலமான அந்த ஒற்றைச் சுற்றுப் பயணம் ஒருமுறைகூட நடக்கவில்லை. துருவப் பாதைக்கென ஆயத்தமான கலிஃபோர்னியாத் தளத்திலிருந்து எந்த விண்ணோடமும் ஏவப்படவே இல்லை.

இதைக் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரைந்து முடித்தபோது வகுப்பில் எழுந்த அமைதி எனக்கு நினைவிருக்கிறது. அதே வாரத்தில்தான் எங்கள் இறுதியாண்டுக் குழு ஒன்று, சேசிஸைப் பற்றவைத்து முடித்த பிறகு பேட்டரிப் பெட்டியின் அளவை மாற்றிவிட்டு, எலெக்ட்ரிக் கோ-கார்ட்டில் ஓட்டுநர் இருக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது. இரண்டுக்கும் உள்ள உறவை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விபத்துகளைப் பற்றிய வகுப்பு தனியாகக் குறிப்பிடத்தக்கது. 2003 பிப்ரவரி 1 அன்று நேர்ந்த கொலம்பியா விபத்தை ஆராய்ந்த குழுவில் உறுப்பினராக இருந்த பேராசிரியர் ஷீலா விட்னால் பேசுகிறார். வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து உதிர்ந்த நுரைப்பொருள் துண்டு, ஒரு கிலோகூட எடையில்லாதது, இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது என்பது செய்தித்தாள் வரை வந்த விவரம். முந்தைய பயணங்களிலும் நுரை உதிர்ந்தது, எதுவும் ஆகவில்லை, எனவே அது பராமரிப்புக் கணக்கில் சேர்க்கப்பட்டது என்ற மனப்போக்கு எப்படி ஒரு நிறுவனத்துக்குள் படிகிறது என்பதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. அமைப்பு என்ற சொல்லுக்குள் மனிதர்களும் கூட்டங்களும் அடக்கம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வகுப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. முதலாவது, இது முதுநிலைப் பாடம். வழிகாட்டல், கட்டுப்பாடு பற்றிய வகுப்பும், மீள்நுழைவு வெப்பம் பற்றிய வகுப்பும் மூன்றாமாண்டு மாணவரின் தலைக்கு மேல் போய்விடும். அவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஒவ்வொரு பதிவும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. கேமரா ஓரிடத்தில் நிற்கிறது, பின்வரிசை மாணவர் கேட்கும் கேள்வி பல இடங்களில் காதில் விழுவதில்லை, அளவைகள் அடி, பவுண்டு, ஃபாரன்ஹீட்டில் வருகின்றன. ஆங்கில வசனவரிகளை ஓடவிட்டாலும், டெக்சாஸ் வாசனை வீசும் உச்சரிப்புக்குப் பழக எங்கள் மாணவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இரண்டாவது குறை உள்ளடக்கத்தில் இருக்கிறது. தாம் கட்டியதைப் பற்றித் தாமே பேசும் முதியவர்களிடம் பெருமிதம் இருப்பது இயல்பு. ஆனால் மலிவாகவும் அடிக்கடியும் பறக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட கலம் அவ்விரண்டையும் ஏன் நிறைவேற்றவில்லை என்ற கேள்வி, அதற்குரிய அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. செலவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஆண்டு ஒதுக்கீட்டுக்கு விதித்த உச்சவரம்பு கையைக் கட்டிப்போட்டது என்ற விளக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. 135 பயணங்களோடு 2011இல் விண்ணோடங்கள் ஓய்வு பெற்றுவிட்ட நிலையில், 2005இன் எதிர்காலக் கணிப்புகளும் பழையதாகிவிட்டன.

மூன்றாவது, கைத்தொழிலை இது கற்றுத் தராது. ஒரு தேவையைச் சரிபார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுவது எப்படி, துணை அமைப்புகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை வரையறுக்கும் இடைமுக ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வேறிடம் போக வேண்டும். நாசா இலவசமாக வெளியிட்டுள்ள அமைப்புப் பொறியியல் கையேட்டின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பை நான் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். அதன் 17 செயல்முறைகளை வரிசையாக நடத்தினால் வகுப்பு தூங்கிவிடும். ஓடுகளின் கதையைக் கேட்டுவிட்டு, இந்தத் தவறு எந்தச் செயல்முறையில் பிடிபட்டிருக்க வேண்டும் என்று தேட வைத்தால் விழித்துக்கொள்ளும்.

பாடத்தோடு வரும் செயல்திட்டத்தை விட்டுவிடக் கூடாது. விண்ணோடத்தின் ஒரு துணை அமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் தேவைகள் எப்படி உருவாயின என்று ஆராய்ந்து, இன்றைய தொழில்நுட்பத்தில் அதை மறுபடி வடிவமைப்பதே மாணவர் செய்ய வேண்டியது. எங்கள் வகுப்பில் இதைக் குழுவுக்கு நால்வர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் முடிவால் பாதிக்கப்படும் இன்னொரு குழுவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்தேன். அந்தக் கையெழுத்துக்காக விடுதி வராந்தாவில் நடந்த சண்டைகளில்தான் பாதிப் பாடம் நடந்தது.

தனியாக அமர்ந்து இந்தப் பதிவுகளைப் பார்த்து அமைப்புப் பொறியியலைக் கற்றுக்கொள்ளலாம் என்று எந்த இளநிலை மாணவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இடையிடையே நிறுத்தி விளக்க ஓர் ஆசிரியர் இருந்தால், இருபதுக்கு மேற்பட்ட பதிவுகளில் ஏழெட்டைப் பொறுக்கி எடுத்து ஒரு விருப்பப்பாடத்தின் முதுகெலும்பாகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கல்லூரி இணையத்தை நம்பி வகுப்பில் நேரடியாக ஓடவிடாமல் முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்வதும், நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் காட்டாமல் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவதும் நல்லது.