ரேடிக்ஸ்: ஆத்தங்குடிக் கல் விற்கும் தளத்துக்குப் பொருந்துமா?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை விற்கும் கடைகளுக்கு ரியாக்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தளம் செய்பவர்கள் ரேடிக்ஸ் பிரிமிட்டிவ்ஸ் என்ற ஆயத்தப் பாகங்களின் தொகுப்பைத் தாராளமாக எடுக்கலாம். ஆத்தங்குடியில் சட்டம் வடிவம் தரும், கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுவது கைவினைஞர். இங்கேயும் அப்படித்தான். டயலாக் (மேலெழும் பெட்டி), செலக்ட் (தேர்வுப் பட்டியல்), டேப்ஸ் (தாவல்கள்) எல்லாம் அலங்காரமே இல்லாமல் வரும். விசைப்பலகை இயக்கமும் ஃபோகஸும் (எந்தப் பாகம் இப்போது விசையை ஏற்கிறது என்பது) உள்ளேயே இருக்கும்.

அழகூட்ட டேட்டா-ஸ்டேட் பண்பைப் பிடியுங்கள்: திறந்தால் ஓபன், மூடினால் க்ளோஸ்டு. மூடும் அசைவை சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்துக்கு அழகூட்டும் மொழி) டிரான்சிஷனாக எழுதினால் பெட்டி சட்டென்று மறைந்துவிடும். கீஃப்ரேம் அனிமேஷனாக (படிப்படியாக வரையறுத்த அசைவு) எழுதினால்தான் அது முடியும்வரை ரேடிக்ஸ் காத்திருக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் போர்ட்டல். அது பெட்டியை, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடி குறிக்குள் நேராகக் கொண்டுபோய் வைக்கும். தமிழ் எழுத்துருவையும் நிற மாறிகளையும் நடுவில் ஒரு டிவ்வில் (உள் கட்டம்) வைத்திருந்தால் அங்கே எட்டாது, பாடியிலேயே வையுங்கள்.

ரேடிக்ஸ் பட்டனுக்குப் பதில் சொந்தப் பட்டனை வைக்க ஆஸ்சைல்ட் என்ற பண்பு உண்டு. அந்தப் பட்டன், தனக்கு வரும் ரெஃபையும் (உறுப்பைச் சுட்டும் இணைப்பு) பிராப்ஸையும் (பாகத்துக்குத் தரும் மதிப்புகள்) உள்ளே கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் கிளிக் செய்தாலும் திறக்காது. செலக்ட்டில் ‘எல்லா அளவும்’ வரிசைக்கு வெற்று மதிப்பு கொடுக்காதீர்கள், பிழை எறியும்.

குறை என்றால், சின்ன டயலாக்குக்கே ரூட், டிரிக்கர், போர்ட்டல், ஓவர்லே, கான்டென்ட், டைட்டில், க்ளோஸ் என 7 பாகங்கள். இவற்றைச் சேர்த்து ஒருமுறை உறை (சொந்தப் பாகம்) எழுதி வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. நாலு பக்கத் தளமா? ஹெச்டிஎம்எல் தரும் டயலாக் குறியே போதும்.